முதுமை அடைந்த ஆக்டோபஸ் உணவை மறுக்கிறது

கேள்வி:
எங்கள் கடல்நீர்த் தொட்டியில் ஓராண்டாக வளரும் பெண் ஆக்டோபஸ், மூன்று வாரங்களுக்கு முன் குகைக்குள் முட்டையிட்டது முதல் இறாலைத் தொடுவதே இல்லை. தோல் வெளிறி, கைகளில் ஆறாத வெண்புண்கள் தோன்றியுள்ளன. ஆண் துணையே இல்லாததால் பொரிக்க வாய்ப்பில்லாத அந்த முட்டைகளை அகற்றிவிட்டால் அது மீண்டும் உண்ணுமா?

மறுமொழி 1:
தயவுசெய்து அகற்றாதீர்கள். முட்டையிட்டபின் உண்பதை நிறுத்தி, தளர்ந்து இறப்பது பெரும்பாலான பெண் ஆக்டோபஸ்களின் இயல்பு. இந்த மாற்றத்தைத் தூண்டுவது முட்டைகள் அல்ல, கண்களுக்கு இடையே உள்ள பார்வைச் சுரப்பிகள். 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி வெளியிட்ட ஆய்வில், அச்சுரப்பிகள் நீக்கப்பட்ட பெண் ஆக்டோபஸ்கள் அடைகாப்பதைக் கைவிட்டு, மீண்டும் உண்டு, நெடுநாள் வாழ்ந்தன. வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சை அதுவன்று. உங்கள் பராமரிப்பிலும் குறை இல்லை.

மறுமொழி 2:
எனது ஆக்டோபஸின் கடைசி நாள்களில் விளக்கொளியைக் குறைத்து, புண்களைக் கிள்ளக்கூடிய நண்டுகளை வெளியேற்றி, ஓடு நீக்கிய சிறு இறால் துண்டை இடுக்கியால் கையருகே நீட்டுவேன். ஏற்காவிட்டால், நீர் கெடாதிருக்க உடனே எடுத்துவிடுவேன். முதுமையில் சில ஆக்டோபஸ்கள் இலக்கின்றி அலைவதால் மூடியை இறுகப் பூட்டுங்கள். புண்ணுக்கென்று தாமிரம் கலந்த மருந்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது அவற்றுக்கு நஞ்சு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முட்டைகளைத் தொட மாட்டேன். அது துன்புறுவதாகத் தெரிந்தால் என்ன செய்வது?

மறுமொழி 1:
நீர்வாழ் உயிரினங்களை அறிந்த கால்நடை மருத்துவரை இப்போதே அணுகுங்கள். மெக்னீசியம் குளோரைடு கரைசலால் படிப்படியாக உணர்விழக்கச் செய்து, வலியின்றி விடைகொடுக்க அவரால் இயலும்.