பொங்கலுக்கு ஊருக்கு வரமாட்டேன் என்கிறாள் பிளஸ் ஒன் மகள்: கட்டாயப்படுத்தலாமா?

பாளைக்காரி

எங்கள் வீட்டில் மார்கழியும் தையும் ஒரு முறைப்படி போகும். திருவாதிரை அன்று விடியும் முன்னே திருநெல்வேலி டவுனுக்குப் போய் நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் தரிசனம், வீட்டுக்கு வந்து களியும் தாளகமும். பொங்கலுக்கு முந்தின நாள் மாமியார் ஊருக்குக் கிளம்பிவிடுவோம். அம்பாசமுத்திரத்தை அடுத்த ஊர், ஆறு நடக்கிற தூரம்தான். வாசலில் அடுப்புக்கட்டி வைத்து, பனை ஓலை எரித்துப் பொங்கல் விடுவோம். பொங்கலை அடுத்து வரும் கரிநாளுக்குக் கட்டுச்சோறோடு பாபநாசம். அப்புறம் மகளுக்குச் சிறுவீட்டுப் பொங்கல்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப் பூ வைப்போம். அந்தப் பூவையும் சாணியையும் சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைப்போம். பெண் பிள்ளைகளுக்காக முற்றத்தில் களிமண்ணால் குட்டி வீடு கட்டி, தை மாதம் அதன் முன்னால் பொங்கல் வைத்து, வறட்டியில் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவோம்.

இந்த வருஷம் மகள் எதற்குமே வரமாட்டேன் என்கிறாள். இங்கே சித்தி வீட்டில் இருந்துகொண்டு தோழிகளோடு சுற்ற வேண்டுமாம். ஒன்பதாவது படிக்கிற மகன் வருவான், ஆனால் போனும் கையுமாகத்தான். "கேட்கவே வேண்டாம், வண்டியில் ஏறச் சொல்லு" என்கிறார் அவங்க அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

செப்பறை அண்ணாச்சி

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. பள்ளிக்கூடம் போக விருப்பமா என்று பிள்ளையிடம் கேட்டா அனுப்புகிறோம்? பொங்கலும் அப்படித்தான். ஆச்சி, தாத்தா இருக்கிற வீட்டில் பொங்கல் அன்று பேரப்பிள்ளைகள் இருந்தாக வேண்டும். எங்கள் ஊர் அழகிய கூத்தருக்குத் திருவாதிரைத் தேர் ஓடும்போது வடம் பிடிக்க வருகிற பையன்களில் பாதிப்பேர் முதல் வருஷம் முணங்கிக்கொண்டு வந்தவர்கள்தான். இன்று சென்னையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் லீவு போட்டு வருகிறார்கள். ஒரு வருஷம் விட்டால் அடுத்த வருஷமும் விடும். அதற்கடுத்த வருஷம் காலேஜ், அப்புறம் வேலை. பிறகு வாட்ஸ்அப்பில் பொங்கல் பானைப் படம் அனுப்புவதோடு சரி.

கடனாநதி

அண்ணாச்சிமேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஏற்க முடியவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் உடம்பு மட்டும்தான் ஊருக்கு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதின்பருவத்தில் தூக்கம் வருகிற நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டிய வயது அது. பரீட்சை முடிந்து களைத்துக் கிடக்கிற பிள்ளையைப் பனியில் நாலு மணிக்கு எழுப்பிவிட்டு, பக்தி இல்லை, பாசம் இல்லை என்று திட்டுவது நியாயமா?

செப்பறை அண்ணாச்சி

தம்பி, அதே பிள்ளைகளைப் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும்போது டியூஷனுக்கு நாலரை மணிக்கு எழுப்பி சைக்கிளில் அனுப்புகிறோமே, அப்போது மெலட்டோனின் எங்கே போகிறது? அரையாண்டு லீவில் ஸ்பெஷல் கிளாஸ் என்றால் ஒருத்தரும் பேசுவதில்லை. கோயிலுக்கு ஒரு நாள் எழுப்பினால் மட்டும் உடம்பு, மூளை என்று கணக்குப் பேச வருகிறீர்கள்.

கடனாநதி

அந்த டியூஷனும் தப்பு என்றுதான் சொல்கிறேன். ஒரு தப்பை வைத்து இன்னொன்றுக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

நாசரேத் ஜெபா

எங்கள் பக்கத்து அனுபவம் வேறு மாதிரி. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் எங்கள் சபையில் பெரியவர்கள்தான் தூங்க நேரம் கேட்கிறோம், பிள்ளைகள் கேட்பதில்லை. கீபோர்டு, டிரம் எல்லாம் வண்டியில் ஏற்றி, வீடு வீடாகப் பாடி, நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவார்கள். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கும் முதல் வரிசையில் அவர்கள்தான்.

காரணம் எளிது. எந்தத் தெருவுக்கு எப்போது போவது, என்ன பாட்டு, யார் வாசிப்பது, காணிக்கைக் கணக்கு எல்லாம் அவர்கள் கையில். பெரியவர்கள் இரண்டு பேர் பாதுகாப்புக்குக் கூடவே போவோம், அவ்வளவுதான். அக்கா, உங்கள் மகளுக்கு ஊரில் என்ன பொறுப்பு? அவளாக முடிவு செய்கிற காரியம் ஒன்றாவது உண்டா?

பிளஸ் டூ மாணவி

நான் சங்கரன்கோவில் பக்கம். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், இருந்தாலும் சொல்ல வேண்டும். இதுவரை யாருமே "ஏன் வரலை" என்று அந்த மகளிடம் கேட்கச் சொல்லவில்லை.

என் விஷயத்தைச் சொல்கிறேன். ஊருக்குப் போய் வாசல்படி ஏறும் முன்னே "அரையாண்டுல எவ்வளவு மார்க்?" என்று கேட்பார்கள். அத்தை பையனோடு ஒப்பிடுவார்கள். கறுத்துட்டியே, மெலிஞ்சுட்டியே என்பார்கள். துணி மாற்ற ஒரு அறை கிடையாது. தம்பி ஆற்றில் குளிக்கலாம், பைக்கில் சுற்றலாம். நான் கரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளின் துணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொங்கல் அன்று தூரமாகிவிட்டால் அது இன்னும் மோசம். எதையும் தொடாதே, அந்தப் பக்கம் உட்காரு என்று எல்லார் முன்னாலும் சொல்வார்கள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருக்கிற நாளில் அதைவிட அவமானம் வேறு கிடையாது.

ஆச்சியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பனங்கிழங்கு அவித்துக்கொண்டே ஆச்சி கதை சொல்வது பிடிக்கும். போனுக்காகத்தான் நாங்கள் வர மறுக்கிறோம் என்று நினைக்காதீர்கள். செப்பறைப் பெரியப்பா, இந்தக் கேள்விகளை எல்லாம் நிறுத்த உங்களால் முடியுமா?

சுரண்டை மைனி

இந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அம்மாமார் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கரிநாள் பயணம் என்றால் ஆண்களுக்கு வேன் பிடிக்கிற வேலை. நமக்கு முந்தின ராத்திரியே புளிக்காய்ச்சல், எள்ளுத் துவையல், தயிர்ச்சோற்றுக்குப் பால் காய்ச்சுவது, விடியும் முன்னே சோறு வடித்து ஆறவைத்துக் கிளறுவது, இலை, தூக்குவாளி, தண்ணீர் கேன். பாபநாசத்தில் எல்லாரும் குளித்து வந்ததும் பரிமாறுவதும் நாம்தான். வளர்ந்த பெண் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்? இன்னும் சில வருஷத்தில் இந்தக் கரண்டி தன் கைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். பின்னே ஓடத்தான் பார்ப்பாள்.

எங்கள் வீட்டில் நான் ஒரு மாற்றம் செய்தேன். பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாமல் நமக்கு ஆகாது. ஆனால் அதைத் தோலெடுக்கிற பாடு பெரும்பாடு. இப்போது அது முழுக்கப் பையன்கள் வேலை. கிழங்கை ஊறவைத்து, கோணிச்சாக்கில் போட்டு, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக் கல்தரையில் உருட்டி உரசினால் மண்ணும் தோலும் கழன்று வெள்ளையாக வந்துவிடும். முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் யார் சாக்கு சீக்கிரம் வெளுக்கிறது என்று போட்டி வந்து, சித்தப்பாமார்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மகள் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து கரும்பு தின்றாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வேளச்சேரி நெல்லையன்

இவ்வளவு பஞ்சாயத்து எதற்கு? நாங்கள் டிசம்பர் லீவுக்குக் கொடைக்கானலில் ரூம் போட்டுவிடுகிறோம். குளிரும் உண்டு, யாரும் மார்க் கேட்கமாட்டார்கள், யாருக்கும் சமையல் கிடையாது. பொங்கலை வீட்டில் குக்கரில் முடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளும் சந்தோஷம், நாங்களும் சந்தோஷம்.

செப்பறை அண்ணாச்சி

நெல்லையன் தம்பி, சந்தோஷமாக இருங்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த ரூமில் உங்கள் பிள்ளைக்கு ஆச்சி கிடைப்பாளா? சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை எல்லாம் ஒரே பாயில் படுத்து ராத்திரி முழுக்கப் பேசுவது கிடைக்குமா? நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் ஓடி வருவது அந்தப் பாயில் படுத்தவன்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை ஊற்றியதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது போட் வருவதற்கு முன்னே பாலும் அரிசியும் கொண்டு வந்தது சொந்தமும் பக்கத்துத் தெருக்காரனும்தான். அந்தச் சொந்தம் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கூடிக் கூடித்தான் உண்டாகிறது.

சங்கரன்கோவில் பிள்ளைக்கு ஒரு பதில். மார்க் கேட்பதையும் நிறத்தைப் பேசுவதையும் நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் நான் சொன்னால் கேட்பார்கள், சொல்கிறேன். மற்றதில் பெண்கள் முடிவு செய்யட்டும். ஆனால் அதற்காகப் பிள்ளை வராமலே இருப்பது தீர்வு ஆகாது. வந்தால்தானே மாற்ற முடியும்?

பிளஸ் டூ மாணவி

மாறினால் வருவோம், பெரியப்பா. முதலில் நாங்கள் வந்து அழுதால்தான் மாறும் என்பது சரியில்லை.

கடனாநதி

அந்தப் பிள்ளை சரியாகக் கேட்டுவிட்டது.

நெல்லையன் சொல்கிற மாதிரி பழக்கத்தைத் தூக்கிப் போடவும் எனக்கு மனசில்லை. எங்கள் வீட்டில் ஜனவரியில் ஒரு நாள் கூந்தன்குளம். நாங்குநேரி தாலுகாவில் 1994இல் சரணாலயமாக அறிவித்த குளம். அந்த வருஷத்து மழையைப் பொறுத்துக் குளத்தில் தண்ணீர் கிடந்தால் பூநாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் வரும். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தும் வரும், தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். ஊருக்குள்ளே, வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் கவிச்சியும் முற்றம் முழுக்க விழுந்தாலும் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பதினைந்து வயது மகன்தான் அந்த நாளுக்கு முழுப் பொறுப்பு. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அவன் சொல்வான், நான் வண்டி ஓட்டுவதோடு சரி. அன்றைக்கு அவனே விடியும் முன் எழுந்து என்னை எழுப்புகிறான்.

செப்பறை அண்ணாச்சி

நல்ல காரியம்தான். ஆனால் ஒன்று யோசியுங்கள். கூந்தன்குளத்துக்காரர்கள் "வெடி போடாமல் இருக்க உனக்கு விருப்பமா" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டா அந்தப் பறவைகளைக் காத்தார்கள்? ஊர் வழக்கம் என்று ஒன்று இருந்ததால்தான் உங்கள் மகன் போய்ப் பார்க்க அங்கே பறவை இருக்கிறது.

கடனாநதி

ஒத்துக்கொள்கிறேன், அது ஊர்க் கட்டுப்பாடுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது எதற்கென்று தெரியும், குஞ்சும் கூடும் கண்முன்னே இருக்கின்றன. சிறுவீட்டுப் பொங்கல் எதற்கு என்று நம் வீட்டில் எத்தனை பேர் மகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோம்?

பாபநாசம் போகிறவர்களுக்கு இன்னொன்று. பிள்ளைகள் கையில் பொறுப்பு கொடுக்கலாம், தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொடுக்கக் கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் போய்விட்டான். மேலே மலையில் மழை பெய்தால் கீழே நமக்குத் தெரியாது. அருவியில் குளிக்கத் தடை என்றால் தடைதான். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு ஆற்றில் இறக்குங்கள். நீச்சல் தெரியும் என்று தனியாகப் பாறை ஏறுவது இந்த வயதுப் பையன்கள்தான்.

பாளைக்காரி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து "ஏன்" என்று கேட்டேன். சங்கரன்கோவில் பிள்ளை சொன்னதில் முக்கால்வாசியை அவளும் சொன்னாள். தோழிகள் விஷயம் அதற்கப்புறம்தான் வந்தது.

பேசி முடிவு செய்தது இது. திருவாதிரைக்கு அவள் விடிகாலையில் வரவில்லை, வெயில் ஏறியதும் அவளும் நானும் தனியாகப் போய் வருவோம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாள். மாடி அறை பெண் பிள்ளைகளுக்கு என்று மாமியாரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார்கள். கரிநாளுக்குப் புளியோதரையை அம்பாசமுத்திரத்தில் ஒரு சமையல்கார அம்மாவிடம் சொல்லிவிடுகிறோம். சிறுகிழங்குக்குச் சாக்கு உருட்டுவது மகனும் அவங்க அப்பாவும். கரிநாள் முடிந்ததும் மகள் ஒருநாள் முன்னதாகவே பாளைக்குத் திரும்பித் தோழிகளோடு இருப்பாள்.

சிறுவீடு மட்டும் முடிவாகவில்லை. தனக்கு வேண்டாம், அத்தை மகள் நாலாவது படிக்கிறாள், அவளுக்கு நானே கட்டித் தருகிறேன் என்கிறாள். அவங்க அப்பாவுக்கு அதில் வருத்தம்.

செப்பறை அண்ணாச்சி

ஒருநாள் முன்னதாகத் திரும்புவதை நான் இன்னும் ஏற்கவில்லை, தங்கச்சி. எல்லாரும் சேர்ந்து போனால் சேர்ந்துதான் திரும்ப வேண்டும். ஆனால் சின்னவளுக்கு அவளே சிறுவீடு கட்டிக் கொடுக்கிறேன் என்றால் அதைத் தடுக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். களிமண்ணுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். மழை இன்னும் முழுசாக விடவில்லை, சுவர் காய நாளாகும்.

சுரண்டை மைனி

சிறுகிழங்கும் இப்போதே சொல்லி வையுங்கள். பொங்கலுக்கு முந்தின நாள் போய் நின்றால் விலை கேட்கவே முடியாது. சின்னக் கிழங்காகக் கொடுத்தால் வாங்காதீர்கள், சாக்கில் உருட்டும்போது பாதி நசுங்கிவிடும்.