பொருள்: கோச்சி (ரயில்) மாறுகிற நிலையத்துக்கு ஒரு சொல்

ஹட்டனிலிருந்து:
வணக்கம். தரம் 10 பிள்ளைகளுக்கு நகரப் போக்குவரத்துப் பயிற்சித்தாள் எழுதுகிறேன். எடுத்துக்காட்டு, சிங்கப்பூரின் டோபி காட் நிலையம். 1987இல் திறந்தபோது அங்கே ஒரு தடம்தான். 2003இல் வடகிழக்குத் தடமும் 2010இல் வட்டத் தடமும் வந்து சேர்ந்தன. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறலாம். இந்த 'இன்டர்சேஞ்ச்' நிலையத்துக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கண்டியிலிருந்து:
டீச்சர், சந்தி இருக்கும்போது வேறு சொல் எதற்கு? பேராதனைச் சந்தி உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாதா? தமிழகத்தில் சந்திப்பு என்று கொஞ்சம் நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

நுவரெலியாவிலிருந்து:
சந்தி வடசொல். வழிகள் கவர்த்துப் பிரியும் இடத்துக்குப் பழந்தமிழில் 'கவலை' என்று பெயர். கவை, கவடு, கவர் எல்லாம் ஒரே குடும்பம். சிலம்பில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குப் போகும் வழி சூலம்போல மூன்றாகக் கவர்ப்பதைச் சொல்கிறானே, டோபி காட்டிலும் மூன்று தடம்தானே! கவலை நிலையம் என்று போடலாம்.

கண்டியிலிருந்து:
கவலை நிலையமா? கோச்சி பிந்துகிற நாளில் நம் பாதையில் எல்லா நிலையமும் அதுதான். சந்தி வடசொல்லாகவே இருக்கட்டும். திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களை அடுக்கும்போது "சதுக்கமும் சந்தியும்" என்கிறது. முருகனுக்கு ஆன சொல் மெட்ரோவுக்கு ஆகாதா?

பதுளையிலிருந்து:
ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். பேராதனையில் பாதை பிரிகிறது: ஒரு கை கண்டி வழியே மாத்தளைக்கு, மற்றது பதுளைக்கு. கோச்சியே திரும்பிவிடும், ஆள் இறங்கத் தேவையில்லை. டோபி காட்டில் அப்படி முடியாது. வடகிழக்குத் தடத்து வண்டி மேலே கம்பியில் மின்சாரம் எடுக்கிறது, மற்ற இரண்டும் பாதையோரம் மின்சாரம் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தில். ஆள்தான் இறங்கி மாற வேண்டும். பாதை ஒன்றையொன்று கடந்தால் சந்தி என்றால், எங்கள் தெமோதரையையும் சந்தி என்போமா? அங்கே பாதை சுற்றி வந்து அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. இறங்கி எதில் மாறுவது? சந்தி தண்டவாளத்துக்கு. காலால் நடந்து மாறுகிறவனுக்கு 'மாறுநிலையம்'.

கண்டியிலிருந்து:
பேராதனையிலும் ஆள் மாறுகிறார், ஐயா. கண்டிக்குள் வராத பதுளைக் கோச்சியை நான் அங்கே போய்த்தான் பிடிக்கிறேன். அப்புறம், மாறுநிலையத்தில் மாறுவது நிலையமா? எனக்கு விளக்குமாறுதான் ஞாபகம் வருகிறது.

பதுளையிலிருந்து:
உறைவிடத்தில் உறைவது இடமா, ஆளா? வினைத்தொகையை விட்டுவிடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து:
இன்னொன்று. டோபி காட் என்றாலே வண்ணார் துறை. துறை என்பது என்ன? நடந்து வந்தவன் ஓடம் ஏறும் இடம். கரையிலிருந்து நீருக்கு மாறுகிறான்! மாறுதுறை என்றால் சொல்லும் பொருளும் பொருந்தும்.

ஹட்டனிலிருந்து:
துறை என்றால் பிள்ளைகள் கல்வித்துறை, சுகாதாரத்துறை என்று போய்விடுவார்கள், ஐயா. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். சரி, மாறுநிலையம் என்றே கொடுக்கிறேன். பக்கத்தில் அடைப்புக்குள் இன்டர்சேஞ்ச்.

கண்டியிலிருந்து:
அடைப்புக்குள் சந்தியையும் போடலாமே.

நுவரெலியாவிலிருந்து:
அடுத்த பதிப்பு வரும்போது சொல்லுங்கள், டீச்சர். கவலையை நான் இன்னும் விடவில்லை.