7 கட்டுரை இருந்தால் 70 மதிப்பெண் வந்துவிடுமா? (லெவல் 12-லிருந்து 13ஏ)

தமிழ்த்துறை_12:
வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர், ஊதிய நிலை (லெவல்) 12. வரும் ஜூலையில் இந்த நிலையில் 3 ஆண்டு முடிகிறது. பிஎச்.டி. உண்டு. 7 கட்டுரைகள்: தனியாக 1, இருவராக 2, மூவராக 4 (நான்கிலும் முதல் ஆசிரியர் வேறொருவர்). பதவி உயர்வுக்கு வேண்டிய ஆய்வு மதிப்பெண் 70. மொழித்துறையில் கட்டுரைக்கு 10, ஆகவே அது வந்துவிடும் என்கிறார்கள். இணைப் பேராசிரியர் (லெவல் 13ஏ) பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கலாமா?

கோப்புக்கட்டு:
வராதுங்க. 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி முழு 10 தனி ஆசிரியருக்குத்தான். இருவர் என்றால் ஆளுக்கு 70 விழுக்காடு. அதற்கு மேல் போனால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (இதழோடு தொடர்பில் இருப்பவர்) 70, மற்றவர்களுக்குத் தலா 30. உங்களுக்கு 10 + 14 + 12 = 36. கோப்பு திரும்பி வருவதே பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

7 கட்டுரையில் 3 இந்த மூன்றாண்டுக்குள் வந்திருக்க வேண்டும். இரண்டு வாரப் புத்தொளிப் பயிற்சியோ அதற்கு ஈடானதோ இதே காலத்தில் முடித்த சான்றும் தேவை.

வைகைக்கரை:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. தாக்கக் காரணி (மேற்கோள்களை வைத்து இதழுக்குத் தரும் அளவு) இல்லாத மதிப்பாய்வு இதழுக்கும் கட்டுரைக்கு 5 கூடும். அப்போது 15 + 21 + 18 = 54. சில இடங்களில் இந்த 5-ஐச் சேர்க்காமல் கணக்கிடுகிறார்கள். உங்கள் தர உறுதிப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மீதி 16. நீங்கள் வழிகாட்டி ஒருவர் பிஎச்.டி. பட்டம் பெற்றிருந்தால் 10, ஆய்வேடு சமர்ப்பித்த நிலை என்றால் 5. இணை வழிகாட்டி இருந்தால் 10 கிடையாது, ஆளுக்கு 7. நூலில் ஓர் இயல் 5. பட்டம் ஒன்று, இயல் ஒன்று என்றால் 69-இல் நிற்கும்! இன்னொரு இயலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத் துறைக்கு ஒருவருக்காவது பிஎச்.டி. வழிகாட்டிய சான்று எப்படியும் கட்டாயம். மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அது இல்லாமல் நகராது.

ஏற்கத்தக்க இதழ்களைக் குறித்த கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. கட்டுரை வந்த மாதத்தில் இதழ் பட்டியலில் இருந்ததைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து, அந்தந்தக் கட்டுரைக்குப் பின்னால் பிணையுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகக் கடைசியில் வைத்தால் சரிபார்ப்பவர் கண்ணில் படாது.

கோப்புக்கட்டு:
ஆமாம், அந்த 5-ஐ விட்டுவிட்டேன். நன்றி.

தேதியையும் பாருங்கள். தகுதி நாளுக்கு 3 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்; தேர்வாகிவிட்டால் தகுதி நாளிலிருந்தே பதவி உயர்வு. 70 நிறைவது நவம்பரில் என்றால் நவம்பரில் போடுங்கள், அன்றிலிருந்து கிடைக்கும். அரைகுறையாக ஜூலையில் போட்டு நிராகரித்துவிட்டால், குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் மறுமதிப்பீடு. அதுவும் மறுமதிப்பீட்டில் தேறிய நாளிலிருந்துதான், பழைய தேதி திரும்ப வராது. அந்த ஓராண்டு பேராசிரியர் பதவியையும் தள்ளும்.  

தமிழ்த்துறை_12:
நான் வழிகாட்டும் பிஎச்.டி. மாணவிக்கு வாய்மொழித் தேர்வு செப்டம்பரில். அது முடிந்தபின் போடுகிறேன். இரண்டாவது இயல் அச்சில் இருக்கிறது.

வைகைக்கரை:
அச்சில் இருப்பதற்கு மதிப்பெண் இல்லை. ஐஎஸ்பிஎன் எண்ணோடு நூல் கைக்கு வரட்டும்.