கோஸ்டிக் பம்பில் வெள்ளை டெஃப்லோன் பேக்கிங் கருகுகிறது. ஏன்?

மட்டக்குளி மெயின்டனன்ஸ்:

வணக்கம். மட்டக்குளியில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கோஸ்டிக் சோடாக் கரைசலைத் தாங்கியிலிருந்து சவர்க்காரம் காய்ச்சும் கெட்டிலுக்கு அனுப்பும் பம்ப் ஒன்று சில கிழமைகளாகத் தொல்லை தருகிறது. ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஒழுகாமல் அடைக்கச் சுற்றும் பின்னல் கயிறு, அதாவது பேக்கிங்தான் பிரச்சினை.

கரைசல் 32 சதவீதம், சூடு 60 பாகை அளவில். மோட்டர் நிமிடத்துக்கு 2900 சுற்று. ஷாஃப்ட் மேல் மாட்டிய உறையான ஸ்லீவின் விட்டம் 50 மி.மீ., பேக்கிங் உட்காரும் குழி 70 மி.மீ. முந்தி கொழுப்பு ஊறிய பருத்திப் பின்னல்தான் போட்டார்கள். அது அடிக்கடி கரைந்து போனதால், "டெஃப்லோனை எந்தக் காரமும் தொடாது" என்று சொல்லிப் பழைய சோனகத் தெருவில் 10 மி.மீ. வெள்ளைப் பின்னல் வாங்கி வந்தார்கள். பெட்டியில் பெயரும் இல்லை, அளவைத் தவிர வேறு விவரமும் இல்லை.

பேக்கிங்கை வெளியிலிருந்து அழுத்தும் மூடியான கிளாண்டின் நட்டை இறுக்கினால் சொட்டு நிற்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, பிறகு மெல்லிய புகை. தளர்த்தினால் ஒழுகுகிறது, ஒழுகிய இடமெல்லாம் வெள்ளையாகப் படிகம் கட்டுகிறது. கழற்றிப் பார்த்தால் ஸ்லீவைத் தொட்ட பக்கம் பழுப்பாகி வழுவழுப்பாக இருக்கிறது, மறுபக்கம் புதிது போலவே இருக்கிறது. ஸ்லீவிலும் கோடு விழுந்துவிட்டது. பேக்கிங் போலியா, இல்லை வேறு ஏதாவதா?

பஞ்சிகாவத்தை லேத்:

ஸ்லீவில் கோடு விழுந்திருந்தால் எந்த பேக்கிங் போட்டாலும் நிற்காது. முதலில் அதைக் கடைந்து மெருகேற்றுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட் ஆட்டத்தையும் பாருங்கள். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் பேக்கிங்கைக் குறை சொல்லிப் பலன் இல்லை.

பழைய ஃபிட்டர்:

தம்பி, லேத்காரர் சொன்னது சரி, ஆனால் உங்கள் கதையில் பெரிய ஆள் சூடுதான். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் புதிது என்றால் காரம் அரிக்கவில்லை என்று அர்த்தம். காரம் அரித்தால் எல்லாப் பக்கமும் அரிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ. ஸ்லீவ் 2900 சுற்றில் ஓடினால் அதன் மேற்பரப்பு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.6 மீட்டர். தனி டெஃப்லோன் இழையில் பின்னிய, வால்வுக்கான பேக்கிங்குகள் பலவற்றுக்கு எல்லை நொடிக்கு 2 மீட்டர் அளவில்தான் இருக்கும். வால்வுத் தண்டு மெதுவாகத் திரும்புவது, அதற்கு அது போதும்.

டெஃப்லோன் இழை 260 பாகை வரை தாங்கும், உருகுவது 327-இல். இதைக் கேட்டதும் எல்லோரும் 60 பாகைக் கரைசல் ஒரு பொருட்டா என்று நினைப்பார்கள். சூடு கரைசலிலிருந்து வரவில்லை, உராய்வில் பிறக்கிறது. பிறந்த சூடு வெளியேற வழி வேண்டும். டெஃப்லோனின் வெப்பக் கடத்துதிறன் துருப்பிடிக்காத எஃகினதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. சூடு ஸ்லீவ் ஓரத்திலேயே தேங்கி நிற்கும். போதாததற்கு, சூடானால் அது இரும்பைவிடப் பத்து மடங்கு அளவில் விரியும். விரிந்தால் ஸ்லீவை இன்னும் இறுக்கும், இறுக்கினால் இன்னும் சூடு. நீங்கள் நட்டைத் தொடாமலே அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும்.

உங்களுக்கு வேண்டியது கிராஃபைட்டை இழைக்குள்ளேயே அடக்கிய, விரித்த டெஃப்லோன் பின்னல். அமெரிக்காவில் பாப் கோர் 1969-இல் டெஃப்லோனைச் சட்டென்று இழுத்து நுண்துளைகளோடு விரிக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகு வந்த வகை அது. கோர் நிறுவனத்தின் ஜி.எஃப்.ஓ. இழை இதில் பெயர் போனது. கிராஃபைட் சூட்டை வெளியே கடத்தும், வழுக்கலும் தரும். வாங்கும்போது தொழில்நுட்பத் தாளைக் கேட்டு, வேக எல்லை 7.6-க்கு நன்றாக மேலே இருக்கிறதா பாருங்கள். தாள் காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

அந்தப் பருத்தி பேக்கிங் ஏன் கரைந்தது என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? கொழுப்பும் கோஸ்டிக்கும் சூட்டில் சேர்ந்தால் என்ன வரும் என்று சவர்க்காரத் தொழிற்சாலைக்கு நான் சொல்லவா வேண்டும்!

வத்தளை சீல்:

எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு மெக்கானிக்கல் சீல் (இரண்டு வழுவழுப்பான முகங்கள் ஒட்டி ஓடி ஒழுகலை அடைக்கும் சாமான்) போடுங்கள். இந்தக் காலத்தில் யார் பேக்கிங் கட்டுகிறார்கள்?

பழைய ஃபிட்டர்:

போடலாம், நல்லதுதான். ஆனால் கழுவும் தண்ணீர் இல்லாத இடத்தில் சீல் முகங்களுக்கு இடையிலும் இதே படிகம் கட்டும். அப்போது உடைவது பேக்கிங்கைவிடப் பல மடங்கு விலையான சாமான். முதலில் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்ளுங்கள், சீல் கதை பிறகு. தம்பி, உங்கள் பம்பில் லான்டர்ன் ரிங், அதாவது பேக்கிங் வளையங்களுக்கு நடுவே தண்ணீரைப் பரப்பும் துளையிட்ட வளையம், இருக்கிறதா? அதற்குத் தண்ணீர் போகிறதா?

மட்டக்குளி மெயின்டனன்ஸ்:

மிக்க நன்றி அண்ணா. லான்டர்ன் ரிங் இருக்கிறது, தண்ணீர்க் குழாயும் இருக்கிறது. ஆனால் பகலில் குழாய் அழுத்தம் விழுந்துவிடும். பம்பின் வெளியேற்ற அழுத்தம் 3 பார்.

இரண்டு சந்தேகம். வாங்கி வந்த வெள்ளைப் பின்னல் உண்மையான டெஃப்லோன்தானா என்று எப்படிப் பார்ப்பது? நெருப்பு வைத்துப் பார் என்கிறார் ஸ்டோர்காரர். அடுத்தது, நாங்கள் செய்வது வெள்ளைச் சவர்க்காரம். கிராஃபைட் கறுப்பு உள்ளே போனால் மேலாளர் விடமாட்டார்.

ஆய்வகப் பக்கம்:

தயவுசெய்து நெருப்பு வைக்காதீர்கள். டெஃப்லோன் சாதாரணக் காற்றில் தானாக எரியாது என்பது உண்மைதான். ஆனால் தீயில் பிடித்தால் சிதைந்து, ஹைட்ரஜன் ஃபுளோரைடு உட்பட நச்சு வாயுக்கள் வரும். அதிகம் சூடான டெஃப்லோனின் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்குச் சில மணித்தியாலம் கழித்துக் குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும். ஃப்ளூ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பேக்கிங் வெட்டிய கையோடு சிகரெட் பிடிப்பதும் இதே வம்புதான்: விரலில் ஒட்டிய தூள் சிகரெட்டில் ஏறி, நெருப்பில் சூடாகி, நேரே நுரையீரலுக்குப் போகும். கை கழுவாமல் பற்றவைக்க வேண்டாம் என்று ஃபிட்டர்மாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பம்பில் வரும் புகை பெரும்பாலும் பின்னலில் ஊறிய எண்ணெய் கருகுவதாக இருக்கலாம். ஆனாலும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள்.

சோதனைக்கு உங்களிடமே மருந்து இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, ஆய்வகத்தில் ஒரு துண்டை உங்கள் கோஸ்டிக்கில் போட்டு மெதுவாகச் சூடாக்கி வையுங்கள். சந்தையில் வெள்ளைப் பின்னல் என்று வருவதில் அக்ரிலிக், பாலியெஸ்டர் இழைக்கு மேலே டெஃப்லோன் பூச்சு மட்டும் பூசியவையும் உண்டு. அக்ரிலிக் என்றால் மஞ்சளாகி ஆரஞ்சு, சிவப்புக்குப் போய் இளகும். பாலியெஸ்டர் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போகும். டெஃப்லோன் அப்படியே கிடக்கும், எண்ணெய் மட்டும் கழன்று வரலாம். வாங்கும்போது கண்ணாடியிழை கலந்ததையும் தவிருங்கள், சூடான காரம் கண்ணாடியைத் தின்னும்.

கிராஃபைட்டுக்குக் கோஸ்டிக்கால் ஆபத்து இல்லை. செறிந்த நைட்ரிக் அமிலம் போன்ற பலமான ஆக்சியேற்றிகள்தான் அதற்கு எதிரி. இழைக்குள் அடங்கிய கிராஃபைட், மேலே தடவிய கிராஃபைட்டைப் போலக் கழன்று கையில் ஒட்டாது. மேலாளர் அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால், வேக எல்லை கூடிய வெள்ளை வகைகளும் இருக்கின்றன, ஆனால் அவை கூடுதல் தண்ணீர் கேட்கும்.

பழைய ஃபிட்டர்:

தங்கச்சி வடிவாகச் சொல்லிவிட்டார். இனி கட்டும் முறை.

திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, வால்வுகளை மூடிப் பம்பைத் தனிமைப்படுத்தி, வடித்து, தண்ணீரால் கழுவுங்கள். முகக் கவசம் இல்லாமல் கிளாண்டைத் தொடாதீர்கள். கோஸ்டிக் கண்ணில் பட்டால் கண்ணே போகும்.

பழைய வளையம் ஒன்றுகூட உள்ளே தங்கக்கூடாது. லான்டர்ன் ரிங்குக்குப் பின்னால் இருப்பதை எடுக்கப் பலருக்கும் சோம்பல், அங்கேயே பாதிப் பிழை. புதியதை 50 மி.மீ. குழாய் ஒன்றில் சுற்றி வெட்டுங்கள், காற்றில் அளந்து வெட்டினால் முனைகள் சேராது. ஒவ்வொரு வளையமாகப் போட்டு ஒவ்வொன்றையும் தனியாக அழுத்துங்கள், மூட்டுகள் 90 பாகை தள்ளித் தள்ளி வரட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்துக் கிளாண்டால் அழுத்தினால் முன் வளையம் மட்டும் நசுங்கும், பின்னால் உள்ளவை சும்மா கிடக்கும். லான்டர்ன் ரிங்கைத் தண்ணீர்த் துளைக்கு நேரே வைக்காமல் ஒரு பொடி வெளிப்பக்கமாக வையுங்கள், அழுத்தும்போது உள்ளே நகர்ந்து நேராகும்.

தண்ணீர் அழுத்தம், குழிக்குள் உள்ள அழுத்தத்தைவிட 1 பார் அளவு கூடுதலாக வேண்டும். 3 பார் என்பது வெளியேற்ற அழுத்தம், குழிக்குள் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கேஜ் வைத்துப் பாருங்கள். பகலில் குழாய் நம்ப முடியாது என்றால் சிறிய பூஸ்டர் பம்ப் ஒன்று போடுங்கள், அந்தச் செலவு தப்பாது. தண்ணீர் சரியாகப் போனால் வெளியே சொட்டுவது பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும். படிகமும் கட்டாது. அந்தப் படிகம் கோஸ்டிக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து ஆகும் சோடியம் காபனேற்று. ஸ்லீவில் கோடு போட்டது அநேகமாக அதுதான்.

ஓட்டும்போது முதலில் நட்டைக் கையிறுக்கம் மட்டும் வைத்து, தாராளமாக ஒழுக விடுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நட்டின் ஒரு முகம் அளவு, இரண்டு பக்கமும் சமமாக இறுக்குங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வந்தால் அங்கே நிறுத்துங்கள். அந்தச் சொட்டுதான் சூட்டைக் கொண்டுபோகிறது. இரவு ஷிஃப்டில் யாராவது சொட்டைப் பார்த்துப் பொறுக்காமல் ஸ்பானர் எடுத்தால் எல்லாம் போச்சு, ஒரு அட்டை எழுதி மாட்டிவிடுங்கள்.

மட்டக்குளி மெயின்டனன்ஸ்:

ஆய்வகச் சோதனையில் எங்கள் வெள்ளைப் பின்னல் நிறம் மாறவில்லை, இற்றுப்போகவும் இல்லை. அப்படியென்றால் டெஃப்லோன்தான், வேகம்தான் ஒத்துவரவில்லை. புதிய ஸ்லீவ், கிராஃபைட் கலந்த விரித்த டெஃப்லோன், சிறிய பூஸ்டர் எல்லாம் போட்டாயிற்று. அண்ணா சொன்ன மாதிரியே மெதுவாக இறுக்கினோம். கிளாண்டில் கை வைக்க முடிகிறது, சொட்டுவதும் தெளிந்த தண்ணீராக இருக்கிறது. மேலாளர் முதல் தொகுதிச் சவர்க்காரத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மீதி வெள்ளைப் பின்னலை என்ன செய்வது?

பழைய ஃபிட்டர்:

எறியாதீர்கள். கோஸ்டிக் லைனில் உள்ள வால்வுகளின் தண்டுக்கு அதையே வெட்டிப் போடலாம், அங்கே வேகம் இல்லை. 10 மி.மீ. ஒத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள்: குழி விட்டத்திலிருந்து தண்டு விட்டத்தைக் கழித்து, பாதியாக்கினால் வரும் அளவு. வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு சேர்த்து எரிக்க வேண்டாம்.