டிரா, ரீஹோல்ஸ்டர், ஸ்வீப்பிங்: கலைச்சொல் பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம். கைத்துப்பாக்கிச் சுடுதல் போட்டியில் வழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் உங்கள் கேள்விகளுக்கு என் விடைகள் இவை. டிரா என்பது சுடுவதற்காகத் துப்பாக்கியை வெளியே எடுப்பது, ரீஹோல்ஸ்டர் என்பது அதை மீண்டும் உறையில் வைப்பது.

> டிரா என்பதற்கு "எடுப்பு" போதாதா?

போதாது. 1976-இல் அமெரிக்காவின் மிசௌரியில் தொடங்கிய ஐபிஎஸ்சி என்ற சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பின் போட்டிகளில், சில சுற்றுகளில் கைத்துப்பாக்கி மேசைமேல் இருக்கும், சிலவற்றில் இடுப்பு உறையில் இருக்கும். மேசையிலிருந்து என்றால் எடுப்பு. உறையிலிருந்து என்றால், வாளுக்கு நாம் வழங்கும் வினையே இருக்கிறது: உருவல். "இழுப்பு" வேண்டாம், அது விசைக்கு (டிரிகர்) வேண்டிய சொல்.

> முழு அசைவுக்கும் ஒரே சொல்லா?

முழுவதற்கும் உருவல். ஆனால் பயிற்றுநர் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே திருத்துவதால் உள்நிலைகளுக்கும் பெயர் வேண்டும்.

முதலில் பற்றல். துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே பிடி முழுமையாக அமைந்துவிட வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவை, பிடியின் பின்புறத்தில் ஏறக்கூடிய உச்சம் வரை ஏற வேண்டும். தாழப் பிடித்தால் சுடும்போது குழல் அதிகமாகத் துள்ளும். வெளியே வந்தபின் பிடியை மாற்றுவது நேர விரயம், கைநழுவும் ஆபத்தும் உண்டு. அதே கணத்தில் மறுகை மார்போடு ஒட்டி நிற்க வேண்டும். தொங்கவிட்டால் அது குழல்வாய்க்கு முன்னே வந்துவிடும்.

அடுத்தது விடுபடல்: முழங்கை பின்னோக்கி உயர, குழல் நேர் மேலே உறையைவிட்டு வரும். சுட்டுவிரல் விசைக்காப்புக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) வெளியே, நீட்டியபடி. பிறகு குழலை இலக்கை நோக்கித் திருப்பல், மார்பருகே கைசேர்ப்பு, கண்மட்டத்துக்கு நீட்டல்.

நீட்டலில் இரண்டு பிழைகள் அடிக்கடி வரும். கீழிருந்து வளைத்து வீசுவது ஒன்று, மேலே தூக்கி இறக்குவது மற்றொன்று. இரண்டிலும் கை நின்றபின்னும் முன்குறி (குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் முனை) ஆடிக்கொண்டே இருக்கும். இவற்றைக் கீழ்வளைவு, மேல்வளைவு என்றே சொல்லலாம்.

> ரீஹோல்ஸ்டர்?

உறையிடல். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். சட்டை விளிம்போ மேற்சட்டை நாடாவோ விசைக்காப்புக்குள் சிக்கினால், துப்பாக்கியை உள்ளே அழுத்துவதே குண்டை வெடிக்க வைத்துவிடும். உறைவாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக இட வேண்டும். போட்டிக் கடிகாரம் உறையிடலை அளப்பதே இல்லை, அவசரப்படக் காரணமே கிடையாது. தோட்டா இல்லாமல் செய்யும் பயிற்சியை வெறும்பயிற்சி எனலாம். அப்போது தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

ஸ்வீப்பிங் என்பதற்கு முன்வைக்கப்பட்ட "வருடல்" மிக மென்மையாக இருக்கிறது. குழல்வாய் ஒருவர் உடலுக்கு நேராக வருவது தகுதிநீக்கத்துக்குரிய பிழை. உருவும்போதும் உறையிடும்போதும் இடுப்புவாருக்குக் கீழே தன் கால்களுக்கு மட்டும், அதுவும் விரல்கள் விசைக்காப்புக்கு வெளியே இருந்தால், ஐபிஎஸ்சி விதி விலக்களிக்கிறது. சொல்லே எச்சரிக்க வேண்டும் என்பதால் "குழற்படல்" எனப் பரிந்துரைக்கிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.