மரை வேட்டைக்கு வெளிச்ச ரெட்டிக்கிள்: கூடக் காசு குடுக்கலாமோ?

வெள்ளவத்தையான்:
அண்ணாமாருக்கு வணக்கம். ஆகஸ்டில மெல்பேண் போறன். அத்தானோட விக்டோரியா மலைப்பக்கம் மரை வேட்டைக்குப் போக ஏற்பாடு. இஞ்ச மரையில கை வைச்சால் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சும்மா விடாது எண்டு தெரியும். அங்கத்தை லைசன்ஸ் அலுவலை அத்தான் பாக்கிறார், அதனால உபதேசம் வேண்டாம். துவக்கு அவற்ற .308. ஸ்கோப் (துவக்குக்கு மேல பூட்டுற குறிபாக்கிற தொலைநோக்கி) என்ர செலவு. பாத்து வைச்சது 3-12×50 (3இலயிருந்து 12 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீற்றர் முன் கண்ணாடி), ரெண்டாம் குவியத் தளம் (மடங்கை மாத்தினாலும் கோட்டின்ர தடிப்பு மாறாத வகை), நாலாம் நம்பர் ரெட்டிக்கிள் (உள்ளுக்குத் தெரியிற குறிக்கோடு). அதே ஸ்கோப் நடுவில சிவப்புப் புள்ளி எரியிற மாதிரியும் வருது, விலை மூண்டில ஒரு பங்கு கூட. அந்தப் புள்ளி உண்மையில உதவுமோ, இல்லாட்டிக் கடைக்காரன்ர கதையோ?

மலைக்காடு:
தம்பி, .308 பிரச்சினையில்லை. அங்க மரைக்குச் சட்டப்படி துவக்கின்ர வாய் அகலம் குறைஞ்சது .270 அங்குலம், குண்டின்ர நிறை குறைஞ்சது 130 கிறெயின்.

புள்ளி எப்ப தேவைப்படும் எண்டதைப் பாருங்கோ. விக்டோரியாவில மான் சுடுறது சூரியன் உதிக்கிறதுக்கு அரை மணித்தியாலம் முன்னுக்கிருந்து மறைஞ்சு அரை மணித்தியாலம் வரைக்கும்தான். இரவில லைட் அடிச்சுச் சுடக் கூடாது. அப்ப புள்ளிக்கு வேலை விடியப்புறம் அரை மணித்தியாலம், மைமலில அரை மணித்தியாலம், பகலில அடர்ந்த பள்ளத்து நிழல். மற்ற நேரம் கறுப்புக் கோடே போதும்.

ஆனா மரை வெளிய வாறதும் அந்த நேரத்திலதான். கடும் மண்ணிறத் தோல், பின்னால ஈரப் பன்னமும் கருகின மரமும். மரை தெரியும், கோடு தெரியாது. கோட்டைத் தேட ஸ்கோப்பை வானத்துப் பக்கம் தூக்கித் திருப்பி இறக்கிறதுக்குள்ள அது போயிடும். இந்த ஒரு இடத்துக்குத்தான் அந்தக் காசு.

பழைய துவக்கு:
நான் ஒத்துக்கொள்ள மாட்டன். புள்ளி எரிஞ்சால் மரை வெளிச்சமாகாது. இருட்டில உருவத்தைக் காட்டுறது கண்ணாடி. முன் கண்ணாடி 50 மில்லிமீற்றர். அதை உருப்பெருக்கத்தால வகுத்தால் கண்ணுக்கு வாற ஒளிக்கற்றையின்ர அகலம். 12 மடங்கில 4.2 மில்லிமீற்றர், 8 மடங்கில 6.25. இளம் கண்மணி இருட்டில 7 அளவுக்கு விரியும், வயது போகப் போகக் குறையும். அதனால மைமலில 7, 8 மடங்குக்கு இறக்கிறதுதான் முதல் வைத்தியம். கனபேர் 12இலேயே விட்டிட்டு ‘ஸ்கோப் இருட்டு’ எண்டு திட்டுறவை.

நாலாம் நம்பர் எண்டால் மூண்டு பக்கமும் தடிச்ச கம்பம். நடுக்கோடு மறைஞ்சாலும் கம்பங்கள் தெரியும், அதுகளுக்கு நடுவில நெஞ்சை வைச்சால் சரி. 100 மீற்றருக்குள்ள, சாப்பாட்டுக் கோப்பை அளவு இடத்துக்கு அது தாராளம். மிச்சக் காசை நல்ல மௌண்டுக்கு, அதாவது ஸ்கோப்பைத் துவக்கில பூட்டுற பிடிக்குப் போடுங்கோ.

கண்ணாடிப் பெட்டி:
பழைய துவக்கு சொல்லுறது ரெண்டாம் குவியத் தளத்துக்குப் பொருந்தும், அதில கோட்டின்ர தடிப்பு மாறாது. முதலாம் தளம் எண்டால் கதை வேற: 3 மடங்கில கோடு மயிர் மாதிரி மெலிஞ்சிடும், அங்க புள்ளி கட்டாயம் வேணும்.

வெள்ளவத்தையான், ‘எவ்வளவு பிரகாசம்’ எண்டு கடையில கேக்காதேங்கோ. ‘எவ்வளவு மங்கலாக்கலாம்’ எண்டு கேளுங்கோ. மலிவு ஸ்கோப்புகள் பிழைக்கிறது அங்கதான். ஆகக் குறைஞ்ச படியிலேயே புள்ளி பளிச்செண்டு எரியும், சுத்திச் சிவப்புப் புகை மாதிரிப் பரவும், கண்மணி சுருங்கும். பிறகு மரையே தெரியாது.

சோதிக்க லேசான வழி இருக்கு. வெள்ளவத்தையில மொட்டைமாடியில நிண்டு ஸ்கோப்பால பாத்தால் பொலிஸ் வாசலுக்கு வந்திடும், வீட்டுக்குள்ளேயே செய்யுங்கோ. பொழுதுபட லைட் எல்லாம் நூத்து, கொறிடோர்க் கடைசியில கடும் மண்ணிறச் சாரம் ஒண்டைத் தொங்க விடுங்கோ. இருட்டில பத்து நிமிசம் இருங்கோ. ஸ்கோப்பை 3 மடங்கில வையுங்கோ. அந்தக் கிட்டத் தூரத்துக்குக் கூட வைச்சால் படம் கலங்கும். கண் பக்க வளையத்தைத் திருப்பிக் கோட்டைக் கூர்மையாக்கினபிறகு புள்ளியை ஆகக் குறைஞ்ச படியில போடுங்கோ. புள்ளியும் தெரிஞ்சு சாரத்தின்ர மடிப்பும் தெரிஞ்சால் நல்ல ஸ்கோப். மடிப்பு மறைஞ்சால் திருப்பிக் குடுங்கோ. புள்ளி நட்சத்திரம் மாதிரிச் சிதறினால் உங்கட கண்ணிலயும் பிழை இருக்கலாம், மற்றக் கண்ணாலயும் பாருங்கோ.

வெள்ளவத்தையான்:
பற்றரி நடுக்காட்டில செத்தால்? பற்றரியே இல்லாத வகையும் இருக்காமே?

மலைக்காடு:
கண்ணாடியில பொறிச்ச ரெட்டிக்கிள் எண்டால் பற்றரி செத்தாலும் கறுப்புக் கோடு அப்பிடியே நிக்கும். வாங்க முதல் இதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கோ. கனக்க ஸ்கோப்புகளுக்குப் போடுறது சி.ஆர். 2032, 3 வோல்ற்று. ஆகஸ்ட் அங்க குளிர்காலம், குளிரில வோல்ற்றேஜ் விழுந்து புள்ளி மங்கும். மேலதிகமா ஒண்டு உடம்போட ஒட்டின பொக்கற்றில கிடக்கட்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவில ‘ஓஃப்’ இருக்கிற குமிழ் நல்லம். ஒரு கிளிக்கில எரியும், மறந்து எரிய விடுறதும் குறையும். கொழும்பில வைச்சிருக்கிற காலத்தில பற்றரியைக் கழட்டிவிடுங்கோ. இந்தப் புழுக்கத்துக்கு உள் தகடு பச்சை பிடிக்கும்.

பற்றரி இல்லாததெண்டால் ட்ரிஜிக்கன் அக்யூபொயிண்ட் மாதிரி. பகலில ஒளி நார், இருட்டில ட்ரிற்றியம். பிழை என்னெண்டால், நார் வெளிச்சம் எடுக்கிறது நீங்கள் நிக்கிற இடத்திலயிருந்து. நீங்கள் பத்தைக்குள்ள, மரை வெளிச்சத்தில எண்டால் புள்ளி மங்கும். நீங்கள் வெளிச்சத்தில, மரை நிழலில எண்டால் புள்ளி கூடிப்போகும், மூடியால குறைக்க வேணும்.

பழைய துவக்கு:
சரி, வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. ஆனா மௌண்டில ஸ்கோப்பைப் பிடிக்கிற வளைய ஆணியை 2 நியூட்டன் மீற்றருக்கு மேல இறுக்காதேங்கோ, குழாய் நசியும். பூட்டினபிறகு 100 மீற்றரில புள்ளி எரிய மூண்டு வெடி, அணைச்சு மூண்டு வெடி. ரெண்டு கூட்டமும் ஒரே இடத்தில விழவேணும்.