பொருள்: மறு: போர்ட் ஸ்கேன் – வருடலா, துழாவலா?

> துறை வருடல், திறந்த துறை, மூடிய துறை, வடிகட்டிய துறை. நான்கையும் முடிவாக்கிவிடலாமா?

ஐயா, ‘போர்ட்’, அதாவது கணினியில் ஒவ்வொரு சேவையும் காத்திருக்கும் எண்ணிட்ட வாயில், அதற்குத் ‘துறை’ சரி. அரசுத் துறை நினைவுக்கு வருகிறது என்றார்கள், பழகினால் போய்விடும்.

இடிப்பது, எந்தத் துறை திறந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கும் ‘ஸ்கேன்’ வேலைக்கு வைத்த ‘வருடல்’தான். தாளைப் படமெடுக்கும் கருவிக்கு வருடி என்பது பொருத்தம், ஒளி மேலே தடவிக்கொண்டு போகிறது. அந்த வேலையைச் செய்யும் என்மேப் மென்பொருள் அப்படியா செய்கிறது? 22-ஆம் துறைக்கு ‘இணையலாமா’ என்று கேட்கும் எஸ்ஒய்என் என்ற சிறு தரவுப் பொதியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. ‘சரி’ என்று எஸ்ஒய்என்-ஏசிகே வந்தால் அங்கே ஒரு சேவை ஓடுகிறது. ‘முடியாது’ என்று ஆர்எஸ்டி வந்தால் சேவை இல்லை, ஆனால் கணினி உயிரோடு இருக்கிறது. அப்புறம் அடுத்த துறை. 65,535 வரை போகலாம். பரணில் இருட்டில் கைவிட்டுத் தேடுகிற வேலை இது. அதற்குத்தான் ‘துழாவல்’ இருக்கிறதே! துழாவி, துழாவினேன், துழாவப்பட்ட கணினி என்று எப்படியும் வளைகிறது. ‘தட்டல்’ என்றும் யோசித்தேன். ஆனால் சொல்லிவைத்த வரிசையில் தட்டினால் மட்டும் துறை திறக்கும் உத்தி ஒன்று இருக்கிறது, அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

> இயங்குதளக் கைரேகை

எதிரே ஓடுவது எந்த இயங்குதளம் என்று கண்டுபிடிப்பதற்கு வைத்த இந்தச் சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை. கைரேகை ஒரே ஆளுக்கு உரியது. துழாவலில் தெரிவது ஆள் அல்ல, இனம். பொதி இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்று சொல்லும் டிடிஎல் எண் லினக்ஸில் வழக்கமாக 64-லிருந்தும் விண்டோஸில் 128-லிருந்தும் இறங்கும். இணைப்பு விதிமுறையான டிசிபியின் விருப்பங்களை அடுக்கும் வரிசையும் தளத்துக்குத் தளம் மாறும். ‘ஏலே’ என்றதும் நெல்லைக்காரர் என்று ஊகிப்பதைப் போல. எனவே ‘இயங்குதளச் சாயல்’. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையிடம் ஊகமே வேண்டாம். இணைந்தவுடன் தன் பதிப்பு எண்ணைச் சொல்லிவிடும், உபுண்டு லினக்ஸில் ஓடினால் அதையும் சேர்த்துச் சொல்லும். கேட்காமலே ஜாதகத்தை நீட்டுகிற ஆள்!

‘வடிகட்டிய துறை’ என்றால் காபிதான் நினைவுக்கு வருகிறது. பதிலே வராத நிலை அது. ‘மௌனத் துறை’ எனலாமே?

– – –

துழாவலும் சாயலும் எனக்குச் சம்மதம். மௌனத்தில்தான் ஒரு சிக்கல். வலையமைப்பைக் காக்கும் தீயரண் சில நேரம் பொதியை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். சில நேரம் ‘அங்கே போக முடியாது’ என்று ஐசிஎம்பி என்ற பிழையறிவிப்பு வழியாகப் பதிலும் அனுப்பும். என்மேப் இரண்டையும் ஒரே நிலையாகத்தான் காட்டுகிறது. பதில் சொன்ன பிறகு அது எப்படி மௌனம் ஆகும்? இரண்டுக்கும் பொது, நடுவில் யாரோ வழியை மறிப்பதுதான். சாலை மறியல் தெரியாத தமிழர் உண்டா? ‘மறித்த துறை’ என்று வைக்கலாம்.

– – –

மறித்த துறை, நன்று. மௌனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விக்கிப் பட்டியலில் இன்றிரவு மாற்றிவிடுகிறேன். ‘வருடல்’ பழைய வழக்கு என்று பக்கத்தில் இருக்கட்டும், தேடி வருபவர்களுக்கு உதவும்.